முதுகுப்பையோடு ஒரு மாதம்: உங்களுக்கு மிகவும் பிடித்த தருணம் எது?

நாகலூர்த் தோட்டக்காரர்:

சென்ற மாசியில் நானும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனும், ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வியட்நாமிலும் கம்போடியாவிலும் முப்பது நாள் சுற்றிவிட்டு வந்தோம். காப்பிப் பழம் பறித்து முடிந்து, காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்திருக்கும் அந்த இடைவெளியில்தான் ஏற்காட்டில் எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஊர் திரும்பியதிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாரும் எது மிகவும் பிடித்தது என்று கேட்கிறார்கள். நானும் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். உண்மையான பதில் அது அன்று. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நண்பரோடு நீண்ட நாள் வெளிநாடு போய்வந்த மற்றவர்களும் எழுத வேண்டும்.

ஹனோயில் முதல் மூன்று நாளும் தூறல். குடை பிடித்தால் பிறர் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் சட்டை நனைந்துவிடும். பால் தட்டுப்பாடு நிலவிய 1946ஆம் ஆண்டில், பாலுக்குப் பதிலாக முட்டையின் மஞ்சள் கருவை நுரைக்க அடித்து ஊற்றத் தொடங்கியதாகச் சொல்லும் முட்டைக் காப்பியை அங்கே குடித்தோம். காப்பி விளைவிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது காப்பி அன்று, பாயசம். நிஞ் பின்னில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றில், படகோட்டும் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கால்களாலேயே துடுப்புப் போடுவதைப் பார்த்தோம். எல்லாம் நல்ல நாட்கள்தாம். ஆனால் அவை யார் போனாலும் கிடைப்பவை.

எங்களுக்கென்று நடந்தது ஹோய் ஆனில் தொடங்கியது. வியட்நாமின் இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் நீல நிறம். இரண்டிலும் ஹோ சி மின் படம். இரண்டும் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள். விளக்கு வைக்கும் நேரத்தில், காவடி போலத் தோளில் இரண்டு கூடை சுமந்து வந்த ஒரு பாட்டியிடம், இஞ்சிப் பாகு ஊற்றிய சோயா இனிப்பு இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டோம். விலை இருபதாயிரம். நான் ஐந்து லட்சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன் என்பது விடுதிக்குப் போய்ப் பணத்தை எண்ணியபோதுதான் தெரிந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ரூபாய் நட்டம். என் நண்பன் மில்லிகிராம் வெள்ளிக்கும் கணக்கு எழுதுகிறவன். பயணம் தொடங்கிய நாளிலிருந்து பொதுச் செலவுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தான். இனிமேல் பணப்பை என்னிடமே இருக்கட்டும் என்றான். நான் என்ன உன் பட்டறையில் கூலிக்கு இருக்கிறவனா என்றேன். அதற்குமேல் பேசியவற்றை எழுத மாட்டேன். மறுநாள் காலை நான் புவோன் மா துவோத்துக்குத் தனியாகப் பேருந்து ஏறினேன். காப்பிச் செடியைப் பார்க்க ஏற்காடு போதாதா என்று முன்பே மறுத்திருந்தவன் ஹோய் ஆனிலேயே தங்கிவிட்டான். நான்காம் நாள் காலை பத்து மணிக்குத் தா லாத் பழைய ரயில் நிலையத்தில் சந்திப்பது என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

இப்போது என் தருணத்துக்கு வருகிறேன். உலகத்தில் பிரேசிலுக்கு அடுத்தபடியாகக் காப்பி விளைவிக்கும் நாடு வியட்நாம். அதில் பெரும்பகுதி ரொபஸ்டா வகை. அந்த ரொபஸ்டாவின் தலைமை ஊர் போன்றது புவோன் மா துவோத். நம் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில், அந்த மரத்திலேயே மிளகையும் ஏற்றிவிட்டு, அரபிகா வகைக் காப்பி வளர்க்கிறோம். அங்கே நான் பார்த்த தோட்டத்தில் மிளகுக் கொடிக்குச் செங்கல் தூண் கட்டியிருந்தார்கள், காப்பிச் செடி பட்டப்பகல் வெயிலில் நின்றது. தோட்டத்துக்காரருக்கு என் தந்தையின் வயது இருக்கும். கைப்பேசியின் மொழிபெயர்ப்பில்தான் பேசிக்கொண்டோம். என் தோட்டத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, காட்டுக்குள் ஏன் காப்பி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

பூப்பதற்கு எந்த மாதம் மழை வரும் என்று நான் கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்தேன், புரிந்திருக்கிறது. வறண்ட மாதங்களில் கிணற்று நீரை இறைத்துப் பாய்ச்சித்தான் அவர்கள் செடியைப் பூக்க வைக்கிறார்கள். ஒரு பாத்திக்கு முன்பே தண்ணீர் விட்டிருந்ததால் அங்கே கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மணம் போல ஒரு மணம் அந்த இடத்தையே நிறைத்திருந்தது. அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, நீர் சீறிக்கொண்டிருந்த குழாயை என் கையில் கொடுத்து அடுத்த வரிசையைக் காட்டினார். என் பாட்டனார் காலத்திலிருந்து பங்குனியில் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. மழை பதினைந்து நாள் தள்ளிப்போனால் அந்த ஆண்டுக் கடன் அடைபடாது. அப்படிப்பட்டவன் பூ மழையைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை சேற்றில் நின்றேன். ஒரு வரிசை முழுவதும் நனைத்தேன். பத்து நாள் கழித்து, நான் கம்போடியாவில் இருந்தபோது, அந்த வரிசை பூத்திருக்கும் படத்தை அவர் அனுப்பினார். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது என்றும் அவர் சொன்னார் என்பதால், அந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

இரண்டாவது தருணம் தா லாத் ரயில் நிலையத்தில். பத்து மணிக்கு நான் போனபோது நண்பன் பலகையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வரவில்லை, எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. கணக்கு நோட்டை விரித்து வரவுப் பக்கத்தைக் காட்டினான். அதில் எழுதியிருந்தது: "பாட்டி திருப்பிக் கொடுத்தது, 4,80,000." நோட்டுக்கு நடுவில் நான்கு பச்சைத் தாளும் நான்கு நீலத் தாளும் இருந்தன. நீலத் தாள் நான்கையும் அவன் ஒருமுறைக்கு இருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தான்.

ஐந்துரோடு இளைஞர்:

மிகவும் அருமை, ஐயா. நானும் என் நண்பனும் டிசம்பரில் இதே வழியில் போகலாம் என்று இருக்கிறோம். செலவு எவ்வளவு ஆயிற்று, சைவ உணவு கிடைக்குமா என்று சொன்னால் உதவியாக இருக்கும். பிரிந்து போனதை நீங்கள் சொல்லும்போது, நாங்கள் ஒரு மாதம் தாக்குப்பிடிப்போமா என்ற பயமும் வருகிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

தோட்டக்காரர் எழுதியதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதை முடிவில் சொல்கிறேன். முதலில் எங்கள் கதை. நானும் என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற தோழியும் சில ஆண்டுகளுக்கு முன்பு இலங்கையில் இருபத்தெட்டு நாள் இருந்தோம். முதுகுப்பை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். எங்களுடையது சக்கரம் வைத்த பை, படிக்கட்டைக் கண்டால் மட்டும் முதுகில் ஏறும். சிகிரியா, அனுராதபுரம், காலி என்று எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தோம். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில், 1921இல் கட்டி முடித்த அந்தக் கல் வேலையைப் பார்க்க விடாமல், படம் எடுப்பவர்களின் கூட்டம் மறைத்தது.

கண்டியிலிருந்து பதுளை போகும் பாதையில், அட்டன் பக்கம் இறங்கி இரண்டு நாள் தங்கினோம். அங்கே முதலில் இருந்தது தேயிலை அன்று, காப்பி. 1869இல் தென்பட்ட இலைத் துரு நோய் சில ஆண்டுகளில் காப்பியை அழித்தபிறகுதான் மலை முழுக்கத் தேயிலை ஏறியது. இரண்டுக்கும் உழைக்கப் போனவர்கள் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன நம்மவர்கள். இதை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயத்தின் வாசலில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மூதாட்டி, எந்த ஊர் என்று கேட்டு, சேலம் என்றதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றபோது, நான் நடத்தியதெல்லாம் என்ன பாடம் என்று தோன்றியது. அவருடைய அம்மாச்சி சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவராம். ஊரின் பெயர் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: வாசலில் நின்றால் மலை தெரியும் என்று அம்மாச்சி சொல்வாராம். அது எந்த ஊர் என்று எங்களைக் கேட்டார்.

சேலத்தில் மலை தெரியாத ஊர் எது? சேர்வராயன், கல்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நிற்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தோழி சற்றும் தயங்காமல், ஆத்தூர்ப் பக்கமாகத்தான் இருக்கும் அம்மா, அங்கேதான் மலை மிகப் பக்கத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டார். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லலாமா என்று எல்ல என்ற ஊர் வரும்வரை ரயிலில் நான் அவரோடு சண்டை போட்டேன். முப்பது ஆண்டு வரலாறு நடத்தியவள் நான். அவர் கணக்கு ஆசிரியை. இன்றுவரை அந்தச் சண்டை முடியவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தருணம் எது என்று கேட்டால் அந்த மூதாட்டி "ஆத்தூர், ஆத்தூர்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டதைத்தான் சொல்வேன்.

மாற்றுக் கருத்து இதுதான்: பிரிந்து போன நாட்களில் கிடைத்த அனுபவத்தை நண்பரோடு போன பயணத்தின் கணக்கில் சேர்ப்பது எப்படி? தோட்டக்காரர் குழாயைப் பிடித்தபோது நண்பர் பக்கத்தில் இல்லையே.

சூரமங்கலம் ரயில்வே காலனி:

ஆசிரியை அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் ஒரு படி மேலே போவேன். ஒன்றாகப் புறப்பட்டவர்கள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்; மொழி தெரியாத ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? தோட்டக்காரர் அதிர்ஷ்டக்காரர், அவ்வளவுதான்.

என் தருணம் சிறியது. நானும் என் மைத்துனரும் வியட்நாம் போனதே ரயிலுக்காக. ஹனோயிலிருந்து சைகோன்வரை 1,726 கிலோமீட்டர், 1936இல் முழுமையான பாதை. அதன் சிறப்பு என்னவென்றால் இன்றும் மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளிதான். ஹுவே தாண்டித் தா நாங் நோக்கி இறங்கும்போது இடப்பக்க ஜன்னலில் உட்கார வேண்டும். ஹாய் வான் மலையை ஒட்டிக் கடலுக்கு மேலே வண்டி ஊர்ந்து போகும். கடலை எல்லாரும் பார்த்தார்கள். நானும் மைத்துனரும் கண்ணை மூடிக்கொண்டோம். சேலம் விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் பெட்டி ஆடுமே, இடுப்பிலிருந்து தோள்வரை ஏறும் அந்தக் குறுகிய ஆட்டம், அதே ஆட்டம். சின்னசேலம் வந்துவிட்டதா என்றார் மைத்துனர். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தைலம் எடுத்துக் கொடுத்தார்கள்.

நாகலூர்த் தோட்டக்காரர்:

ஐந்துரோடு இளைஞருக்கு: விமானச் சீட்டு நீங்கலாக, பலர் தங்கும் விடுதியில் ஒரு கட்டிலுக்கு ஐந்நூறிலிருந்து எழுநூறு ரூபாய்வரை கொடுத்தோம், சாப்பாடு அதற்கும் குறைவு. வியட்நாம் மின்-விசா ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். அங்கோருக்கு ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர் என்பதால், மூன்று நாள் சீட்டே வாங்குங்கள். சைவத்துக்கு "சாய்" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். பலகையில் அந்தச் சொல் இருக்கும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அவர்களிலேயே பலர் சைவம் என்பதால் அன்றைக்குக் கடை கூடுதல். மற்ற கடைகளில் காய்கறிக் குழம்பு என்று சொன்னாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும்.

ஆசிரியை அம்மாவுக்கு: யோசித்துப் பார்த்தேன். குழாயைக் கையில் பிடித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இதை அவனிடம் சொன்னால் நம்ப மாட்டானே என்பதுதான். அதனால் கணக்கில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை:

நான்தான் அந்த நண்பன். பட்டறையில் வேலை நெருக்கடி என்பதால் இன்றுதான் முழுவதும் படித்தேன். தோட்டக்காரன் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அங்கோர் வாட்டை இரண்டு சொல்லில் தள்ளிவிட்டுப் போனது எனக்கு வருத்தம்.

சூரிய உதயத்தைப் பற்றி நான் பேசவில்லை. விடியற்காலையில் குளக்கரையில் நூற்றுக்கணக்கானவர்களோடு நின்றோம், மேகம் மூடியிருந்தது, விடிந்தது என்பது வெளிச்சத்தால் தெரிந்ததே தவிரச் சூரியனைக் காணவில்லை. கூட்டம் கலைந்தபிறகு உள்ளே போனோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எடுத்த அந்தக் கோயிலின் சுவர்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவதைப் பெண்கள் நிற்கிறார்கள். உடம்பும் முகமும் நம்மை நேராகப் பார்க்கும். பாதம் இரண்டும் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். சிற்பிக்கு நேர்ப் பாதம் செதுக்கக் கடினமாக இருந்திருக்கும் என்பார்கள். காரணம் எதுவானாலும் கொலுசு வேலை செய்பவனுக்கு அது வரப்பிரசாதம்: கணுக்காலில் போட்டிருக்கும் அணி பக்கவாட்டில் முழுதாகத் தெரியும்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தி போட்டிருப்பது கனத்த தண்டை. அடுத்தவளுக்கு இரண்டு வளையத்துக்கு நடுவே மொட்டு வரிசை. இன்னொருத்திக்கு விளிம்பில் பூவிதழ். எங்கள் பட்டறையில் கம்பி இழுத்து, வளைத்து, ஒவ்வொரு கண்ணியாகப் பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகு போடும் வேலை ஐந்தாறு கை மாறும். கல்லில் அந்த ஐந்தாறு கையின் வேலையையும் ஒரே உளி காட்டியிருந்தது. சில இடங்களில், வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுக் கல் கறுத்து வழவழவென்று மின்னியது. அது மெருகு போட்ட வெள்ளியைப் போலவே இருந்தது என்று சொன்னால் தொழில் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பதினோரு மாதிரி வரைந்தேன். அந்த இரண்டரை மணி நேரமும் தோட்டக்காரன் ஒரு முறைகூட, போகலாமா என்று கேட்கவில்லை. எனக்கு வெயில் படாதபடி நின்றுகொண்டிருந்தான். அவன் அதை எழுதமாட்டான் என்பதால் நான் எழுதுகிறேன். அந்தப் பதினொன்றில் மூன்றை இப்போது கொலுசாக அடித்திருக்கிறோம்.

இன்னொன்று கூ சி சுரங்கத்தில். போர்க்காலத்தில் தோண்டிய சுரங்கத்தில், பயணிகளுக்காக அகலப்படுத்திய பகுதிக்குள்ளேயே தோட்டக்காரனுடைய வயிறு சிக்கிக்கொண்டது பற்றி நான் விரிவாக எழுதப் போவதில்லை. வெளியே வந்ததும் மரப்பலகையில் உட்கார வைத்து, சுரங்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்டது இதுதான் என்று ஒரு தட்டு வைத்தார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் எல்லாம் அது என்ன என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவித்த குச்சிக்கிழங்கு! தொட்டுக்கொள்ள இடித்த வேர்க்கடலையும் எள்ளும் உப்பும். என் தாய்மாமன் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிய லாரி ஓட்டியவர். கோடை விடுமுறையில் அந்த லாரியில் குவிந்த கிழங்கின் மேல் உட்கார்ந்து போனவன் நான். எங்கள் மேசையில் மற்றவர்கள் விட்ட தட்டுகளையும் நாங்கள் இரண்டு பேரே முடித்தோம். வழிகாட்டி இளைஞர் மறுபடி ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்று தோட்டக்காரனும் சேலம் என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இனி ரயில்வே காலனி ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும். பிரிந்து போனது சரியா தவறா என்று தெரியவில்லை, ஆனால் நடந்தது முழுவதையும் தோட்டக்காரன் அறிய மாட்டான். அவன் போன அன்று நான் மீ சோன் போனேன். முற்காலத்தில் வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனை வைத்து வணங்கிய செங்கல் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டு விழுந்து பெருங்கோபுரம் சரிந்தது போக மிச்சம் இருப்பவை. நம் நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைக்கும்போது, 2020இல், ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று வெளிப்பட்டதாமே, அதன் முன்னால் நின்றேன். பக்கத்தில் பேச ஆள் இல்லை. இதைச் சொல்ல ஒருவன் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அந்த ஒருவன் யார் என்பதிலும் சந்தேகம் இல்லை.

மறுநாள் மாலை அதே இடத்தில் அந்தப் பாட்டி என்னைக் கண்டுபிடித்தார். கூடையை இறக்கி, இடுப்புத் துணிமுடிச்சை அவிழ்த்து, தனியாகச் சுற்றி வைத்திருந்த பணத்தைக் கையில் திணித்து, ஏதோ திட்டினார். முந்தைய நாள் முழுவதும் எங்களைத் தேடியிருக்கிறார் என்பது சைகையில் புரிந்தது. பணம் திரும்பி வந்ததைவிட, நண்பனை அவ்வளவு பேசிவிட்டோமே என்பதுதான் எனக்கு அப்போது உறைத்தது. கைப்பேசியில் சொல்ல மனம் வரவில்லை. அன்றிரவே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு படுக்கைப் பேருந்தில் ஏறிவிட்டேன். ஆக, தா லாத்துக்கு நான் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டேன். ஒருவேளை நீயும் முன்னால் வந்துவிடுவாயோ என்று அன்றைய பகல் முழுவதும் அந்த ரயில் நிலையத்துப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஐந்துரோடு இளைஞர்:

வெள்ளிப்பட்டறை ஐயா, பாட்டி என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை:

எங்கள் அம்மா கடைக்கு அனுப்பிய பணத்தைத் தொலைத்துவிட்டு வந்தால் என்ன சொல்வாரோ அதுதான், தம்பி. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நாகலூர்த் தோட்டக்காரர்:

நேற்றிரவு இதைப் படித்துவிட்டு, கணக்கு நோட்டின் நகல் என்னிடம் இருந்ததால், எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்குக் கொடுத்த மூவாயிரம் டாங்வரை எழுதியிருக்கிறான். தா லாத்தில் அவன் முன்னதாகத் தங்கிய அந்த ஒரு இரவுக்கு மட்டும் வாடகை எழுதப்படவில்லை. எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று விட்டிருக்கிறான். மில்லிகிராமுக்குக் கணக்கு வைப்பவனின் நோட்டில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது.

டேய், அதே விடுதிதான் என்றால் ஒரு கட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாங். இன்று நகலில் அந்த வரியை என் கையால் சேர்த்துவிட்டேன். என் பங்கு தொண்ணூறாயிரம், அதாவது முந்நூறு ரூபாய். வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்குகிறேன். பட்டறை வாசலில் தட்டுவடை செட்டாகக் கழித்துக்கொள்ளலாம். பணம் நான்தான் கொடுப்பேன். தாளைப் பார்த்தே கொடுப்பேன்.